ஆரஞ்சு விளக்கு அணையும்வரை

காத்திருந்ததால் மட்டும் சரியாகிவிட்ட எந்திரம் என்று உலக சரித்திரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சொன்னவன் ரோபாதி. சொன்ன இடம், உபோலு தீவின் தென்கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அவன் வீட்டுப் பாய். சொன்ன நேரத்தில் அவனுடைய அக்கா லோசாவின் எதிர்காலம் அதே பாயில் துண்டு துண்டாக உறை பிரித்துப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. தலைநகர் ஆப்பியாவில் கணினிப் படிப்பில் இரண்டாம் வருடம் இருப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

எந்திரம் என்பது பன்றி மாதிரி, அதட்டினால்தான் நகரும் என்பது அவன் சித்தாந்தம். அதை அவன் கணினியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அடுப்பில் ஈரப்பலாக்காய் வேகும்போது வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து, அது வேகாமலே போன நாட்கள் உண்டு. ஆப்பியாவில் அரசு அலுவலக லிஃப்டின் பொத்தானைக் கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்துவான். லிஃப்ட் வந்ததும், தன்னால்தான் வந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் அடக்கமாகத் தெரிவிப்பான்.

பொறுமையின் மேல் அவனுக்கிருந்த பகையில் பெரும்பங்கை அனுபவித்தது ஊரின் மாலை வழிபாடு. அந்தி சாயும்போது சங்கு ஊதும். அந்த நேரத்துக்கு ‘சா’ என்று பெயர். முதல் சங்குக்கு எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது சங்குக்குப் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாவது சங்கு ஊதும்வரை யாரும் எழக்கூடாது, சாலையில் ஒரு வண்டி நகரக்கூடாது. ஒரே நிறத்தில் இடுப்புத்துணி கட்டிய இளவட்டங்கள் கையில் கோலோடு சாலையோரம் வரிசையாக நின்று காவல் பார்ப்பார்கள். வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூணும் கூரையும்தான் என்பதால் காவல் மிகவும் சுலபம்.

“எங்க ஊரு தினம் சாயங்காலம் ஹேங் ஆகும்” என்று ரோபாதி கல்லூரியில் சொல்லுவான். “திரும்ப ஸ்டார்ட் பண்ண ஒருத்தன் சங்கு ஊதணும்.” கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். போன கிறிஸ்துமஸ் சமயம் பிரார்த்தனைக்கு நடுவே எழுந்து போய் போனைச் சார்ஜில் போட்டதை ஊரே பார்த்ததும், அவன் அம்மா மசினா ஊர்ப் பெரியவர்கள் சபைக்கு ஒரு பெட்டி மீன் டப்பா அபராதமாகக் கொடுத்ததும் அவன் கல்லூரியில் சொல்லாத பகுதி. அடுத்த தடவை எழுந்தால் மீன் டப்பாவுக்குப் பதிலாக உன்னையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்று மசினா அன்றைக்குச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற ரகம்.

லோசாவின் விஷயத்துக்கு வருவோம். அவள் வீட்டு வரைபடம் போடப் படித்தவள். ஆக்லாந்தில் ஒரு நிறுவனம், இங்கே ஊரில் இருந்தபடியே படம் வரைந்து அனுப்பும் வேலையை அவளுக்குத் தருவதாக இருந்தது. அதற்கு முன் ஒரு சோதனை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவர்கள் இணையத்தில் வருவார்கள், அவர்கள் கண்ணெதிரே அவள் ஒரு வீட்டை வரைந்து காட்ட வேண்டும். ஏழு மணிக்கு அவள் அங்கே இல்லையென்றால், ஃபிஜியில் இதே வேலைக்காகக் காத்திருக்கும் இன்னொரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால், செவ்வாய்க்கிழமை விமானத்தில் லோசா பிரிஸ்பேன் போய், இறைச்சித் தொழிற்சாலைக் குளிர் அறையில் சித்தி பக்கத்தில் நின்று ஆட்டுத்தொடை வெட்டுவாள். அதற்கான பெட்டி பாதி அடுக்கியபடி பாயின் ஓரத்தில் வாயைத் திறந்து வைத்திருந்தது.

அவ்வளவு பெரிய படங்களைப் போன் தாங்காது. அதனால்தான் பிரிஸ்பேன் சித்தப்பா கணினியைப் பாகம் பாகமாக வாங்கி, துண்டில் சுற்றி, டப்பா மாட்டிறைச்சிக்கும் சோப்புக்கும் நடுவே ஒரு பெரிய டிரம்மில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். கப்பல் தாமதமாக வந்தது. டிரம் வீட்டுக்கு வந்தது முந்தின நாள் இரவுதான். டிஸ்க்கில் எல்லா மென்பொருளையும் சித்தப்பா மகன் முன்பே ஏற்றியிருந்தான். பாகங்களைப் பூட்டிவிட்டு ஸ்விட்சைப் போடுவது மட்டும்தான் பாக்கி. தம்பிக்கு அக்கா என்பவள் கண்ணின் ஓரம், தூசி படாமல் காக்க வேண்டியவள் என்று இங்கே சொல்வார்கள். ரோபாதி காலையில் பல்கூடத் துலக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பூட்டும் வேலையில் குறை சொல்ல முடியாது. மதர்போர்டு இறங்கியது, விசிறிகள் உட்கார்ந்தன, நான்கு பெரிய மெமரிக் குச்சிகளும் ‘கிளிக்’ என்று அவற்றுக்கான காடிப் பள்ளத்தில் நின்றன. மதியத்துக்கு முன்பே மேசையில் எந்திரம் தயார். சுவரில்லாத வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் கூட்டத்துக்கு அழைப்பு தேவையில்லை. பாயைச் சுற்றி அக்கம்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ரோபாதி எழுந்து நின்று, ஒரு சின்ன உரை ஆற்றிவிட்டு, ஸ்விட்சை அழுத்தினான்.

விசிறிகள் சுற்றின. போர்டின் மூலையில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. திரை கறுப்பாக இருந்தது. அப்படியே இருந்தது.

ரோபாதி ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றான். அவனைப் பொறுத்தவரை அது மிக நீண்ட அவகாசம். தின்று முடித்தும் திரை கறுப்பாகவே இருந்ததால் மின்சாரத்தை நிறுத்தினான். குச்சிகளைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி போட்டான். விசிறி, ஆரஞ்சு விளக்கு, கறுப்பு. இன்னொரு வாழைப்பழம். நிறுத்தினான். இரண்டு குச்சியை மட்டும் வைத்துப் பார்த்தான். ஒரே குச்சியை வைத்துப் பார்த்தான். அதே குச்சியை வேறு காடியில் வைத்துப் பார்த்தான். போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, எல்லாவற்றையும் மறக்கடித்து, முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பழம். சாயங்காலத்துக்குள் ஒரு தாரே காலி. விளக்கு மட்டும் நிறம் மாறாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் உதவ முன்வந்தது. உள்ளே பல்லி புகுந்திருக்கும் என்றாள் எதிர்வீட்டுத் தோவா. போதகர் வந்து ஜெபிக்காமல் புதுப்பொருளைத் தொடங்கியது தப்பு என்றார் ஒருவர். அவருடைய மைத்துனருக்கு ஒரு துணிதுவைக்கும் எந்திரம் இப்படித்தான் ஆனதாம், அதை எட்டி உதைத்ததும் ஓடிற்றாம். அந்த மைத்துனர் இப்போது எங்கே என்று இன்னொருவர் கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

படகு வைத்து மீன்பிடிப்பவனும் சா நேரக் காவலுக்குத் தலைவனுமான சேமிசி தூணில் சாய்ந்தபடி சொன்னான்: “டேய் காலேஜு, அது போய்ச் சேந்துருச்சுடா. நாளைக்கு அடக்கம் வெச்சுக்கலாம். மேல போத்த எங்க வீட்ல நல்ல பாய் ஒண்ணு இருக்கு, கொண்டு வரேன்.”

“அது சாகல, அண்ணே. அடம் பிடிக்குது.”

“ரெண்டுக்கும் முகம் ஒண்ணாத்தான் இருக்கு.”

லோசா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. பெட்டியில் ஒரு சட்டையை மடித்து வைப்பாள், எடுப்பாள், மறுபடி மடிப்பாள். குளிர் அறைக்கு எடுத்துப்போகக் கம்பளிச் சட்டை என்று ஒன்றும் அவளிடம் இல்லை. கடைசியில் தம்பியின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்டா?”

“இதோ.”

“காலையிலயும் இதோன்னுதான் சொன்ன.”

“அது வேற இதோ, அக்கா.”

அவள் பழத்தோல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நெற்றியிலிருந்து வியர்வை போர்டில் சொட்டிவிடாமல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒயர்களை எல்லாம் பிடுங்கி மறுபடி சொருகினான். மேசையைச் சுற்றி நடந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டான். அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டான். ஒரு கோழி மேசைக்கடியில் வந்து நின்று, விசிறிக் காற்றில் இறகு சிலிர்த்தபடி, இவ்வளவு தூரம் ஓடுகிறவன் எங்கேயும் போய்ச் சேராமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கியது. கூட்டம் மெல்லக் கலைந்தது. ரோபாதி நான்கு குச்சிகளையும் பழையபடி மாட்டி, வேறு வழி தெரியாமல், இன்னொரு தடவை ஸ்விட்சை அழுத்தினான். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அவன் பழத்துக்காகக் கையை நீட்டினான். பழம் இல்லை.

அப்போது முதல் சங்கு ஊதியது.

“வா” என்றாள் மசினா. அவன் மேசையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மீன் டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. ஸ்விட்சை நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எந்திரத்தின் பின்பக்கம் இருக்கும் அந்த ஸ்விட்சுக்குப் போவதற்குள் இரண்டாவது சங்கு ஊதிவிட்டது. நேர் எதிரே சாலையில் சேமிசி கோலை ஊன்றிக்கொண்டு, இந்த ஒரு வீட்டைக் காக்க மட்டுமே நியமிக்கப்பட்டவன்போல் இந்தப் பக்கமே பார்த்து நின்றான். ரோபாதி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

பாட்டு தொடங்கியது. பக்கத்து வீட்டில் வேறு பாட்டு, அதற்கடுத்த வீட்டில் வேறு. ரோபாதியின் உதடு அசைந்தது, கண் மட்டும் விளக்கில் இருந்தது. இந்நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தி, இரண்டாவது காடியை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். கால் கட்டைவிரல் தானாக ஆடியது. மசினா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அந்த விரலைப் பிடித்து அடக்கினாள்.

பிறகு அவள் ஜெபித்தாள். மசினாவின் ஜெபம் ஒரு கப்பல் பயணம். ஊரில் கிளம்பும், ஆப்பியாவில் நிற்கும், ஆக்லாந்தில் சொந்தக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நலம் விசாரிக்கும், பிரிஸ்பேன் வழியாகத் திரும்பும். அன்றைக்குச் சிட்னிக்கும் போனது. சிட்னியில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று ரோபாதி யோசித்துப் பார்த்தான், யாரும் தென்படவில்லை. முழங்கால் துடித்தது. காதுக்குள் ஒரு எறும்பு ஓடுவதுபோல் இருந்தது. உலகத்தில் எல்லா எந்திரங்களும் யாராவது அதட்டினால்தானே நகரும், இங்கே அதட்டுவதற்கு ஆளில்லாமல் ஒன்று நின்றுகொண்டிருக்கிறதே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. லோசா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு அவன் மேசைப் பக்கம் பார்க்கவில்லை.

கப்பல் ஊர் திரும்பியது. “லோசாவோட வேலைய நீர் பாத்துக்கும், ஆண்டவரே” என்றாள் மசினா. “நீர் பாத்துக்கும்போது யாரும் நடுவுல கை வைக்காம அதையும் பாத்துக்கும்.”

ஆமென் சொல்ல வாயைத் திறந்தபோது ரோபாதியின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்தான். ஆரஞ்சு விளக்கு இல்லை. திரையில் ஒரு வெள்ளைச் சின்னம், அதன் கீழே புதிய மெமரி பொருத்தப்பட்டிருக்கிறது, தொடர ஒரு விசையை அழுத்தவும் என்று ஒரு வரி. விசை கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மூன்றாவது சங்கு இன்னும் ஊதவில்லை. உலகத்தில் வேறெங்கும் எந்தக் கணினிப் பொறியாளனும் அப்படியொரு அவஸ்தையை அனுபவித்திருக்க மாட்டான். லோசா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது சங்கு முடிவதற்குள் அவன் மேசையில் இருந்தான். விசையை அழுத்தினான். எல்லாம் ஒழுங்காக ஏறியது. லோசாவின் வரைபட மென்பொருள் திறந்தது. தூணில் தொங்கவிட்ட போனிலிருந்து இணையமும் வந்தது.

என்ன நடந்தது என்பது அவனுக்கு இப்போது புரிந்தது, புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. புதிய போர்டு புதிய மெமரியை முதன்முதலாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு குச்சியும் எந்த வேகத்தில் பிசகாமல் வேலை செய்யும் என்று சோதித்துச் சோதித்து மனப்பாடம் செய்துகொள்ளும். குச்சி பெரிதானால் மனப்பாடமும் நீளும். முடியும்வரை ஆரஞ்சு விளக்குதான். நடுவில் நிறுத்தினாலோ, குச்சியைக் கழற்றினாலோ மறுபடி முதலிலிருந்து. வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் ரோபாதி வெளியே போயிருந்தான். ஆக, காலையிலிருந்து அந்த எந்திரம் பழுதாக இல்லை. படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அது கடைசிப் பக்கத்துக்கு வரும்போது இவன் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கிறான்.

வெளியே இதை அவன் வேறு விதமாகச் சொன்னான். ஆறவிட்டுப் போடும் முறை என்று ஒன்று உண்டு, அதைத்தான் கடைசியாகக் கையாண்டேன் என்று தோவாவிடம் விளக்கினான். தோவா தலையாட்டிவிட்டு, பல்லி எந்தப் பக்கமாக வெளியே போனது என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. லோசா குளித்து உடுத்தப் போனாள். போகும்போது அவன் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அதுதான் அவள் நன்றி சொல்லும் விதம்.

ரோபாதி தனியாக எந்திரத்தின் முன் நின்றான். அது தயாராக இருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. எதுவும் இல்லாத நிலை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. அமைப்புப் பக்கத்தைச் சும்மா திறந்து பார்த்தான். மெமரி, குச்சியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைவிடக் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா நல்ல குச்சியாகப் பார்த்து வாங்கி அனுப்பியிருக்கிறார், அது நடந்துகொண்டிருக்கிறது, ஓட வேண்டியது. ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும். அக்காவின் சோதனை வெண்ணெய்போல் நடக்கும். மாற்றினான். சேமித்தான்.

திரை கறுத்தது. விசிறிகள் ஒரு கணம் நின்று மறுபடி சுற்றின. போர்டின் மூலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

புது வேகம் என்றால் புது மனப்பாடம். அது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வலதுகை பின்பக்க ஸ்விட்சை நோக்கிப் போனது. இடதுகையால் அதைப் பிடித்து நிறுத்தினான்.

லோசா பூப்போட்ட நீள உடுப்பில், ஈரத்தலையை முடிந்துகொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

“என்னடா பண்ணின?”

“கொஞ்சம் வேகமாக்கலாம்னு…”

“நான் கேட்டேனா?”

லோசா போனில் மணியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது.

ரோபாதி மேசையை ஒருதரம் சுற்றினான். பிறகு அதைவிட்டு விலகி, பாய்க்குப் போனான். சம்மணமிட்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை இன்னொன்றின் மேல் பூட்டினான். தலையைக் குனிந்தான். கண்ணை மூடினான்.

காவலை முடித்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த சேமிசி சாலையில் நின்றான். “டேய் காலேஜு, சா முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. எழுந்திரு.”

ரோபாதி கண்ணைத் திறக்காமல், மிகவும் மரியாதையாகச் சொன்னான்: “சத்தம் போடாதீங்க, அண்ணே. உக்காருங்க.”

எதற்கு என்று தெரியாமலே சேமிசி படிக்கல்லில் உட்கார்ந்து, கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். காவல் தலைவனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எதிர்வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்த தோவா சட்டியைக் கீழே வைத்தாள். சங்கு ஊதியது தன் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவளும் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அவள் வீட்டார் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வீடு. மசினா சமையல் குடிசையிலிருந்து கரண்டியோடு வந்தாள். மகனை மேலும் கீழும் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கடல் தன் பாட்டுக்கு இரைந்தது. முழங்கால் துடித்தது. ரோபாதி அதைத் துடிக்கவிட்டான்.

வெகுநேரம் கழித்து, அல்லது அவனுக்கு அப்படித் தோன்றிய ஒரு நேரம் கழித்து, லோசா நாற்காலியில் அசைவது கேட்டது. விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு வீட்டில் யாரிடமும் அவள் பேசாத ஒரு நிதானமான குரல்: “வணக்கம். நான் லோசா. ஆமா, கேக்குது. படமும் தெரியுது. ஆரம்பிக்கலாம்.”

சேமிசி எழுந்துபோனான். தோவா சட்டியை எடுத்தாள். மசினா கரண்டியைத் தேடினாள்.

ரோபாதி கண்ணைத் திறக்கவில்லை.